அம்மா தைப்பாங்க, ஆனா டெய்லர் மாமாதான்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, "ஒரு டெய்லரை வரையுங்க" என்று சொல்லிப் பாருங்கள். தையல் மெஷின் வரும், கழுத்தில் தொங்கும் டேப் வரும், கூடவே ஒரு மீசையும் வரும். வரைந்த பிள்ளையின் வீட்டில் அம்மாவே அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவராக இருக்கலாம். கேட்டால் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"இது யாரு கண்ணு?"

"டெய்லர் மாமா."

"உங்க வீட்டுல யாரு தைக்கிறாங்க?"

"அம்மா."

"அப்போ அம்மா டெய்லர் இல்லையா?"

"இல்ல டீச்சர். அம்மா வீட்டுலதான தைக்கிறாங்க. டெய்லருக்குக் கடை இருக்கும்."

இந்தப் பிள்ளை எதையும் தப்பாகப் பார்க்கவில்லை. பார்த்ததிலிருந்து ஒரு விதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. போர்டு மாட்டிக் காசு வாங்கிச் செய்தால் அது வேலை, அதைச் செய்பவர் மாமா. அதையே வீட்டுக்குள் செய்தால் அது அம்மா செய்வது, அவ்வளவுதான். சமையலும் அப்படியே. மூன்று வேளையும் அடுப்படியில் நிற்பது அம்மா. கல்யாண மண்டபத்தில் 'மாஸ்டர்' என்று கூப்பிடப்படுபவர் ஆண். தொழில் செய்யும் பெண்களையும் பிள்ளைகள் வரைவார்கள்: பூக்காரம்மா, மீன்காரம்மா, கீரைக்காரம்மா. ஆனால் அவர்கள் கூடையோடு தரையில் உட்கார்ந்திருப்பார்கள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நாற்காலியில் இருப்பவர் அண்ணாச்சி.

விவசாயி படம் இன்னும் வேடிக்கை. தலைப்பாகை, ஏர்க்கலப்பை, இரண்டு மாடு. ஊரில் டிராக்டர் உழுகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போவது பெரும்பாலும் பெண்கள். கலப்பையைக் கண்ணால் பார்த்திராத பிள்ளையும் கலப்பையைத்தான் வரைகிறது. வயலில் இறங்கும் சொந்த அம்மாவை விட, சுவரில் தொங்கும் 'நமது உதவியாளர்கள்' சார்ட்டுக்குப் பிள்ளை மனதில் அதிகச் செல்வாக்கு இருக்கிறது என்று அர்த்தம்.

அதனால்தான் "ஆணும் பெண்ணும் சமம்" என்ற பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் படத்தில் மீசை போவதில்லை. பிள்ளைகள் நம் உபதேசத்தைப் படிப்பதில்லை. நம் ஏற்பாட்டைப் படிக்கிறார்கள். யார் எங்கே உட்காருகிறார், யார் பெயர் முதலில் வருகிறது, யாரிடம் சில்லறை கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தரவு. மாற்ற வேண்டியதும் அந்த ஏற்பாட்டைத்தான்.

எந்த வயதில் என்ன நடக்கிறது

இரண்டரை, மூன்று வயதில் 'நான் பையன்', 'நான் பொண்ணு' என்று சொல்லத் தெரிந்துவிடும். அது மாறாத விஷயம் என்ற தெளிவு அப்போது இருக்காது. அது ஆறு, ஏழு வயதை ஒட்டித்தான் உறுதிப்படும். நடுவில் உள்ள நான்கிலிருந்து ஏழு வரைதான் பிள்ளைகள் கறாரான நீதிபதிகள். தலைமுடி வெட்டிக்கொண்ட அக்காவைப் பார்த்து "பையன் மாதிரி இருக்க" என்பதும், மருதாணி கேட்ட தம்பியைப் பார்த்துச் சிரிப்பதும் இந்த வயதில்தான். எட்டு வயதுக்குமேல் "யார் வேணும்னாலும் செய்யலாம்" என்று வாயால் சொல்லும் நெகிழ்வு வரும். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்ற விருப்பம் அதற்குள் ஓரளவு பூட்டப்பட்டிருக்கும்.

லிண்டா காட்ஃபிரெட்சன் என்ற ஆய்வாளர் 1981-இல் இதைத் தெளிவாக எழுதினார். பிள்ளைகள் வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே வேலைகளைக் கழிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஆறிலிருந்து எட்டு வயதில் முதலில் கழிபடுவது 'என் பாலுக்குப் பொருந்தாதது'. அப்படிக் கழித்ததைப் பின்னாளில் எடுத்துத் திரும்பப் பார்ப்பது அரிது. பத்தாம் வகுப்பில் வழிகாட்டி முகாம் நடத்துகிறோமே, அந்தப் பிள்ளைகளில் பலர் இரண்டாம் வகுப்பிலேயே பாதிப் பட்டியலை அடித்துவிட்டு வந்தவர்கள்.

'புத்திசாலி' என்ற சொல்லுக்கும் இதே வயதுதான். அமெரிக்காவில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து வயதில் பையன்களும் பெண் பிள்ளைகளும் 'ரொம்ப ரொம்பப் புத்திசாலி' என்பதைத் தம் பாலோடுதான் சேர்த்தார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகளிடம் அது குறைந்துவிட்டது. நல்ல மதிப்பெண் யார் வாங்குவார் என்று கேட்டபோது மட்டும் பெண் பிள்ளைகளையே காட்டினார்கள். படிப்பது பெண், மூளை ஆண்! நம் வகுப்புகளிலும் "அவ நல்லா உழைப்பா", "அவன் கூர்மையான பையன், உக்காந்தா போதும்" என்று ஒரே மதிப்பெண்ணுக்கு இரண்டு பேச்சு உண்டு. பெற்றோர் கூட்டத்தில் நாம் பேசுவதை ஒருநாள் போனில் பதிவு செய்து கேட்டால் தெரியும்.

ஒருமுறை காட்டினால் ஏன் ஒட்டுவதில்லை

பெண் மெக்கானிக், ஆண் நர்ஸ் என்று படம் காட்டினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. 1983-இல் மார்ட்டின், ஹால்வர்சன் இருவரும் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரிப் படங்களைக் காட்டி, ஒரு வாரம் கழித்து நினைவு கேட்டார்கள். வழக்கத்துக்கு மாறான படங்களில் இருந்தவரின் பாலைப் பிள்ளைகள் நினைவிலேயே மாற்றி வைத்திருந்தார்கள். பார்த்தது பெண், நினைவில் நின்றது ஆண். பொய் சொல்லவில்லை, மனது சரிசெய்து வைத்துக்கொண்டது.

ஆகவே படம் காட்டிய அன்றே வேலை முடிவதில்லை. இரண்டு நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து, படத்தைக் காட்டாமல் "அன்னிக்கு வண்டி ரிப்பேர் பண்ணினது யாரு? பேரு என்ன?" என்று கேட்க வேண்டும். "ஒரு அண்ணன்" என்று பதில் வந்தால் திட்டாமல் படத்தை எடுத்துத் திரும்பக் காட்டலாம். படத்தில் உள்ளவருக்குப் பெயர் வைத்திருந்தால் நினைவு அவ்வளவு எளிதில் திரிவதில்லை. 'ஒரு மெக்கானிக்' திரியும், 'மெக்கானிக் செல்வி அக்கா' திரிவது கடினம்.

சாதனைப் பெண்கள் சார்ட்டில் இன்னொரு சிக்கல். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத் திட்டத்தை நடத்திய, செங்கோட்டை ஊர்க்காரரான நிகர் ஷாஜியின் படம் ஒட்டுவது நல்லதுதான். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அதை 'அவங்க ஸ்பெஷல்' என்ற தனிப்பெட்டியில் போட்டுவிடும், பொதுவிதி அசையாது. பெரியவர்கள் நாமும் அப்படித்தானே? கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்டத் தொடங்கியது 1993-இல். முப்பது ஆண்டு கழித்து 2023-இல் கோவையில் ஒரு பெண் தனியார் பேருந்து ஓட்டியபோதும் அது தலைப்புச் செய்தி. விதிவிலக்கு என்று நினைக்கும்வரை விதிக்கு ஆபத்தில்லை. பிள்ளைகளுக்குத் தேவை சாதனையாளர்களை விட எண்ணிக்கை: பெட்ரோல் பங்க்கில் நிற்கும் அக்கா, டிக்கெட் கொடுக்கும் பெண் கண்டக்டர், ஊர் விஏஓ அம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்து ஆண் நர்ஸ், சத்துணவு சமைக்கும் அண்ணன் எங்காவது இருந்தால் அவர்.

படப் பயிற்சியைச் செய்யும் முறை

வகுப்பில் என்ன நிலை என்று தெரியாமல் எதையும் தொடங்க வேண்டாம். ஏ4 தாளைப் பாதியாக வெட்டி, ஒரு பிள்ளைக்கு ஆறு துண்டு. ஒரே நாளில் ஆறையும் வரையச் சொன்னால் நான்காவதிலிருந்து குச்சி மனிதன்தான் வரும். நாளுக்கு இரண்டு என்று மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். டாக்டர், டிரைவர், விவசாயி, டெய்லர், டீச்சர், சமையல் செய்பவர் என்ற ஆறு போதும். கடைசி இரண்டு அவசியம். பெண் என்று வருவதற்கு வாய்ப்புள்ள வேலைகளும் இருந்தால்தான் பிள்ளைகள் நாம் என்ன தேடுகிறோம் என்று கண்டுபிடிக்க மாட்டார்கள்.

சொல்லும்போது "டாக்டர் ஒருத்தரை வரையுங்க, அவங்க என்ன செய்றாங்கன்னு காட்டுங்க" என்று மட்டும். 'அவர் போட்டிருக்கும் சட்டை' மாதிரி எதையும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. வரைந்து முடித்ததும் ஒவ்வொருவரிடமும் போய், "இவங்க பேரு என்ன?" என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். இந்தப் படியை விட்டால் பயிற்சி வீண். ஆறு வயதுப் பிள்ளையின் படத்தில் ஆண், பெண் தெரியாது. முடியை வைத்து நாமே முடிவு கட்டுவோம். பெயரைக் கேட்டால் சந்தேகமில்லை. "பேரு தெரியாது" என்றால் "ஒரு பேரு வைம்மா" என்றால் போதும்.

எண்ணும்போது வரைந்தது பையனா பெண்ணா என்பதையும் தனிப் பத்தியில் எழுத வேண்டும். இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. டேவிட் வேட் சேம்பர்ஸ் என்பவர் 4,807 பிள்ளைகளிடம் விஞ்ஞானியை வரையச் சொல்லிச் சேகரித்த படங்களைப் பற்றி 1983-இல் எழுதினார். அதில் பெண் விஞ்ஞானி 28 பேர்தான். அந்த 28-ஐயும் வரைந்தவர்கள் பெண் பிள்ளைகள். ஒரு பையன்கூட இல்லை. அமெரிக்காவில் இதே பயிற்சி பின்னாளில் பலமுறை நடந்தது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து வரைந்த படங்களில் சராசரியாக 28 சதவீதம் பெண் விஞ்ஞானிகள் என்று 2018-இல் எல்லாவற்றையும் தொகுத்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மாறியிருக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பிலும் வயது ஏற ஏற ஆண் விஞ்ஞானி அதிகமாவதுதான் தெரிந்தது. பிறக்கும்போதே கொண்டுவரும் எண்ணமாக இருந்தால் சின்ன வயதிலேயே அதே அளவுக்கு இருந்திருக்க வேண்டும்.

படங்களைச் சுவரில் ஒட்டி, "பாருங்க, எல்லாரும் ஆம்பளையவே வரைஞ்சிருக்கீங்க" என்று குற்றம் சாட்டக் கூடாது. அடுத்தமுறை டீச்சருக்குப் பிடித்ததை வரைவார்கள், அவ்வளவே பலன்.

விதியை விதியால் மாற்றுவது

பிள்ளை ஒரு விதி வைத்திருக்கிறது. அதன் இடத்தில் இன்னொரு விதியைத்தான் வைக்க முடியும். ரெபெக்கா பிக்லர், லின் லிபென் இருவரும் 1992-இல் பரிசோதித்துக் காட்டிய முறை எளிமையானது, நம் வகுப்புக்கு அப்படியே ஒத்துவரும். ஒரு வேலையைச் செய்யலாமா என்று முடிவு செய்ய இரண்டே கேள்வி: அந்த வேலையில் உள்ள ஏதாவது ஒன்று அந்த ஆளுக்குப் பிடிக்குமா? அதற்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டிருக்கிறாரா? ஆணா பெண்ணா என்பது கேள்விப்பட்டியலில் இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு வேலை, பதினைந்து நிமிடம், தொடர்ந்து ஒரு வாரம். ஜேசிபி ஓட்டுநர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த வேலையைப் பிரித்துப் போட வேண்டும்: லிவரை மெதுவாக நகர்த்தத் தெரிய வேண்டும், பின்னால் ஆள் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும், வெயிலில் கேபினுக்குள் பல மணி நேரம் உட்கார வேண்டும், லைசென்ஸ் எடுக்க வேண்டும். பிறகு ஒரு ஆள்: "ராணிக்கு மண்ணு தோண்டுறது ரொம்பப் பிடிக்கும். லைசென்ஸ் எடுத்துட்டா. ஓட்டலாமா? எப்படிச் சொல்றீங்க?" சரியான பதிலுக்கு, "ஓட்டலாம்" என்பது போதாது. "அவளுக்குப் பிடிக்கும், கத்துக்கிட்டா, அதனால ஓட்டலாம்" என்று காரணத்தோடு வர வேண்டும். காரணம் சொல்லாத பிள்ளை தலையாட்டுகிறது, கற்கவில்லை. இடையில் ஒரு ஆண் தேறாத மாதிரியும் ஒரு கேள்வி வைக்க வேண்டும்: "குமாருக்கு வண்டி பிடிக்கும், ஆனா கத்துக்கல. ஓட்டலாமா?" இந்த எதிர்மறை இல்லாவிட்டால் 'டீச்சர் கேட்டா ஆமான்னு சொல்லணும்' என்பதுதான் விதியாகும்.

ஜேசிபிக்குப் பலம் வேண்டும் என்று பையன்கள் சொல்வார்கள். அதை மறுத்து வாதாடாமல், லிவரை நகர்த்த எவ்வளவு பலம் வேண்டும் என்று கேட்டால் போதும். மாவாட்டும் கல்லையும் தண்ணீர்க் குடத்தையும் யார் தூக்குகிறார்கள் என்ற கேள்விக்கு அவர்களே வந்து சேர்வார்கள்.

வாயில் வருவதில் இரண்டு

'பெண்களும் பஸ் ஓட்டலாம்.' நல்ல எண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்த 'உம்' பஸ்ஸை முதலில் ஆணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு பெண்ணுக்கு இடம் விடுகிறது. ஸ்டான்ஃபோர்டில் செஸ்ட்நட், மார்க்மன் இருவரும் 2018-இல் பெரியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். "கணக்கில் பெண் பிள்ளைகள் பையன்களுக்கு நிகரானவர்கள்" என்ற வாக்கியத்தைப் படித்தவர்கள், பையன்களுக்கே இயல்பாகக் கணக்கு வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். சமம் என்று சொல்ல வந்த வாக்கியமே ஒருவரை அளவுகோல் ஆக்கிவிடுகிறது. "செல்வி அக்கா பஸ் ஓட்டுறாங்க. 5டி" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

மற்றது வினைமுற்று. அப்பா வந்தார், அம்மா வந்தாள். கதை சொல்லும்போதும் வாசிப்புப் பயிற்சியிலும் இது தானாக வரும். டாக்டர் வந்தார், வேலைக்காரி வந்தாள் என்று நீளும். மரியாதை யாருக்கு என்பதை இலக்கணமே தினம் பயிற்றுவிக்கிறது. இரண்டு பேருக்கும் 'ஆர்' போடுவது பழகச் சில நாள் நாக்கு தடுமாறும்.

கதை என்றதும் ஒன்று. நம் பிள்ளைகள் கேட்கும் முதல் கதையிலேயே ஒரு பெண் தொழிலதிபர் இருக்கிறார்: வடை சுட்ட பாட்டி. யாரும் அவரைக் கடைக்காரராகச் சொல்வதில்லை. காக்காவும் நரியும் கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன. "பாட்டி அன்னிக்கு எத்தனை வடை சுட்டாங்க? ஒரு வடை பத்து ரூபா. காக்கா ஒண்ணு எடுத்துட்டுப் போனா நஷ்டம் எவ்வளவு? எண்ணெய் யாரு வாங்கினாங்க?" என்று கேட்டால் அதே கதை கணக்குப் பாடமும் ஆகும், கடையும் பாட்டியுடையதாகும்.

வகுப்பறை ஏற்பாடு

பிக்லர் 1995-இல் செய்த இன்னொரு வேலை ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சில வகுப்புகளில் நான்கு வாரம் ஆசிரியர்கள் எல்லாவற்றுக்கும் பையன்கள்–பெண்கள் என்ற பிரிவைப் பயன்படுத்தினார்கள்: வரிசை, இருக்கை, கூப்பிடுவது எல்லாம். பெண் தாழ்வு, ஆண் உயர்வு என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படியும் அந்தப் பிள்ளைகளிடம் 'இது ஆண் வேலை, இது பெண் வேலை' என்ற எண்ணம் கூடிவிட்டது. பிரித்து அழைப்பதே பாடம்.

நம் பள்ளிகளில் இது எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். வருகைப் பதிவேட்டில் பையன்கள் முடிந்த பிறகு பெண் பிள்ளைகள். பிரேயருக்கு இரண்டு வரிசை. வினாடி வினா என்றால் பாய்ஸ் வெர்சஸ் கேர்ள்ஸ். பெஞ்ச் தூக்க, மணி அடிக்க, சாருக்கு டீ வாங்கப் பையன். பெருக்க, கோலம் போட, வாசலில் தண்ணீர் தெளிக்கப் பெண் பிள்ளை. ஆண்டு விழாவில் தாம்பாளமும் பன்னீர்ச் செம்பும் யார் கையில், மைக் செட் அருகில் யார்? மாறுவேடப் போட்டிக்கு நர்ஸ் உடை யாருக்கு?

பதிவேட்டை அகரவரிசைக்கு மாற்றுவது ஒரு கல்வியாண்டுத் தொடக்கத்தில் முடிகிற வேலை. பதிவேட்டில் கைவைக்க முடியாத இடத்தில், கூப்பிடும்போதாவது கீழிருந்து மேலே ஒரு வாரம், மேலிருந்து கீழே ஒரு வாரம் என்று மாற்றலாம். குழு பிரிக்க வரிசை எண்ணின் கடைசி இலக்கம், பிறந்த மாதம், பையின் நிறம் என்று ஆயிரம் வழி இருக்கிறது.

பெருக்கும் வேலைதான் உண்மையான பரீட்சை. முறை வைத்தால் இரண்டு வாரத்தில் குலைந்துபோகும். மறுபடி பெண் பிள்ளைகள் கையில் துடைப்பம் வந்துவிடும். காரணம் சோம்பேறித்தனம் இல்லை. வீட்டில் பழகிய பெண் பிள்ளை ஐந்து நிமிடத்தில் முடிக்கும். பழகாத பையன் குப்பையை இங்கிருந்து அங்கே தள்ளுவான்; முதல் பீரியடு ஆரம்பித்துவிடும்; "குடுடா அவகிட்ட" என்று நாமே சொல்லிவிடுவோம். வேலையை ஒப்படைக்கும் முன் எல்லோருக்கும் கற்றுத்தர வேண்டும். உள்ளே பூந்துடைப்பம், வெளியே தென்னந்துடைப்பம். சாக்பீஸ் தூள் பறக்காமல் கரும்பலகைக்கு அடியில் தண்ணீரை விரலால் தெளித்துக்கொண்டு, சுவரோரத்திலிருந்து வாசலை நோக்கி ஒரே திசையில், பெஞ்சுக்கு அடியில் துடைப்பத்தைச் சாய்த்து. முறத்தில் அள்ளுவது இரண்டு பேர் வேலை. முதல் வாரம் ஆசிரியரே துடைப்பம் பிடித்துச் செய்து காட்டினால் பாதிச் சண்டை தீரும், அதிலும் ஆண் ஆசிரியர் பிடித்தால். ஐந்து பேர் கொண்ட கலப்புக் குழு, வாரம் ஒரு குழு, பட்டியல் கதவுக்குப் பின்னால். அதே வாரத்தில் அதே குழுதான் பெஞ்சும் தூக்க வேண்டும், மணியும் அடிக்க வேண்டும். அப்போதுதான் பெருக்குவது தண்டனையாகத் தெரியாது.

இங்கே ஒன்றை விழுங்கிவிட முடியாது. துடைப்பம் யார் கைக்குப் போகிறது என்பதில் பாலோடு சாதியும் கலந்திருக்கிறது. பட்டியலை எழுதியபின் பெயர்களை ஒருமுறை அந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும். கழிப்பறை எந்தப் பிள்ளையின் பட்டியலிலும் வரக் கூடாது.

"எம் மவனப் பெருக்க விட்டீங்களாமே" என்று ஒரு அம்மாவோ ஆத்தாவோ வந்து நிற்பார். சமத்துவம் பேசினால் சண்டை வளரும். பட்டியலைக் காட்டி, "எல்லாரும் ஒரு வாரம் செய்றாங்க, நானும் செய்றேங்கம்மா. உங்க மவன் பெஞ்சுக்கடியில சுத்தமா எடுக்குறான்" என்றால் பெரும்பாலும் அத்தோடு முடியும். திரும்பத் திரும்ப வந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் முதலிலேயே பேசி வைத்திருப்பது கைகொடுக்கும்.

விருந்தினரை அழைக்கும்போது

ஒரே வேலையைச் செய்யும் ஆணையும் பெண்ணையும் சேர்த்து அழைப்பதுதான் பலன் தரும். தனியாக ஒரு பெண் கண்டக்டர் வந்தால் அவர் 'பெண் கண்டக்டர்'. இருவரும் சேர்ந்து வந்தால் பிள்ளைகள் கண் டிக்கெட் மெஷின் மேல் போகும். கருவியைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்: டிக்கெட் மெஷின், பிபி பார்க்கும் கருவி, சர்வேயரின் டேப். இருபது நிமிடம் போதும். கேள்விகளை முன்னாளே பிள்ளைகளோடு எழுதி வைக்கலாம்: எத்தனை மணிக்குப் போவீங்க, எங்க கத்துக்கிட்டீங்க, எது கஷ்டம், தப்பு நடந்தா என்ன செய்வீங்க. "வேலையையும் வீட்டையும் எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்ற கேள்வி கட்டாயம் எழும், பெரும்பாலும் உடன் நிற்கும் பெரியவரிடமிருந்து. அதைக் கேட்டால் இருவரிடமும் கேட்க வேண்டும். ஆண் கண்டக்டர் கொஞ்சம் முழிப்பார். பிள்ளைகள் அதைக் கவனிப்பார்கள்.

வீட்டுக் கணக்கு

ஒன்றிய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதில் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019-இல் இது 299-ம் 97-ம். இரண்டுமே குறைந்திருக்கின்றன, இடைவெளி அப்படியே. இந்தக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்து எல்லோரையும் எடுத்துக்கொள்கிறது.

வீட்டில் பிள்ளைகளுக்கு வேலை பிரிப்பதில் நேரம் மட்டும் விஷயமில்லை. பையனுக்குக் கிடைப்பது வெளிவேலை: அண்ணாச்சி கடைக்குப் போய் அரை லிட்டர் எண்ணெய், ஒரு தீப்பெட்டி. அதில் சாலையைக் கடக்கிறான், பெரியவரிடம் பேசுகிறான், மீதியை எண்ணி வாங்குகிறான், சில சமயம் இரண்டு ரூபாய் மிட்டாய்க்குத் தங்குகிறது. பெண் பிள்ளைக்கு வெங்காயம் உரிப்பதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும். அதில் காசு புழங்காது, மிட்டாயும் இல்லை. பத்து வயதில் 'அவனுக்கு விவரம் ஜாஸ்தி' என்று சொல்கிறோமே, அந்த விவரம் கடைக்குப் போனதில் வந்தது. பூண்டு உரிப்பது எப்படி, சாதம் வெந்ததா என்று எப்படிப் பார்ப்பது என்பது அவனுக்குத் தெரியாததும் அப்படியே.

ஆகவே மாற்றிக் கொடுக்கும்போது இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும். நாலைந்து வயதில் தட்டு வைப்பது, கைக்குட்டை மடிப்பது, சின்ன வெங்காயம் பொறுக்குவது. ஆறேழில் அரிசி களைவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, பக்கத்துக் கடை. எட்டொன்பதில் பெரியவர் பக்கத்தில் நிற்க தோசை திருப்புவது, சைக்கிள் செயின் மாட்டுவது, டார்ச்சுக்குப் பேட்டரி போடுவது, ரேஷன் கடை வரிசையில் நிற்பது. எந்த வேலைக்கும் ஒருவருக்குக் காசு, மற்றவருக்குக் 'கடமை' என்று வைக்கக் கூடாது. அப்பா பாத்திரம் கழுவும்போது "அம்மாவுக்கு ஹெல்ப் பண்றார்" என்று சொன்னால் பாத்திரம் அம்மாவுடையதாகிவிடும். "இன்னிக்குப் பாத்திரம் அப்பா முறை" என்று சொல்லிப் பாருங்கள். 2024-இல் கேரளத்தின் மூன்றாம் வகுப்பு மலையாளப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் வந்தபோது நாடு முழுக்கச் செய்தியானது. தேங்காய் துருவினதற்குச் செய்தி!

பையன்கள் மேல் அழுத்தம் கூடுதல் என்பது பலர் கண்ணில் படுவதில்லை. பேன்ட் போட்டு கிரிக்கெட் ஆடும் பெண் பிள்ளையை 'சூட்டிகை' என்பார்கள். செப்புச் சாமான் வைத்து விளையாடும் ஏழு வயதுப் பையனைப் பெரியவர்களே கேலி செய்வார்கள். "பொம்பளப் புள்ள மாதிரி அழாத" என்ற ஒரு வசவு இரண்டு பேருக்கும் பாடம் நடத்துகிறது. பையன் சமையலைக் கழிப்பதும், நர்ஸ் வேலையைக் கழிப்பதும், அங்கன்வாடி டீச்சர் ஆவதைக் கழிப்பதும் காட்ஃபிரெட்சன் சொன்ன அதே ஆறு–எட்டு வயதில்தான். அவன் ஒரு அங்கன்வாடியிலும் ஆண் டீச்சரைப் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை ஒரு அப்பாவோ தாத்தாவோ வந்து கதை சொல்லி, மதியச் சாப்பாட்டில் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டுப் போனால் கொஞ்சம் நகரும். வந்தவரை விளையாட்டுச் சாமான் ரிப்பேருக்கு அனுப்பிவிடக் கூடாது. அங்கன்வாடிகளில் நடப்பது அதுதான்.

திரும்ப அளப்பது

மூன்று மாதம் கழித்து அதே ஆறு வேலைகளை அதே மாதிரி வரையச் சொல்லலாம். பழைய தாள்களில் தேதியும் வரிசை எண்ணும் இருந்தால் ஒப்பிடுவது எளிது. வழக்கமாக முதலில் அசைவது டாக்டர், பிறகு டெய்லர். டிரைவரும் விவசாயியும் கடைசியில்தான் நகரும், சார்ட்டைக் கழற்றாவிட்டால் நகரவே நகராது. "நீ என்ன ஆகப் போற?" என்ற கேள்வியின் பதில் இதையெல்லாம் விட மெதுவாக மாறும், அதை மூன்று மாதத்தில் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நமக்குப் பிடிக்கும் என்று பெண் டாக்டரை வரைகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அதனால் இரண்டாம் சுற்றை வேறு வகுப்பு ஆசிரியரை விட்டு நடத்தச் சொல்வது நல்லது, அவரிடம் எதற்கு என்று சொல்லாமல்.